கையில் இருப்பதை முதலில் முடிப்போம்: வாசகர் கேள்வி பதில்

வாழ்க்கையை எளிமையாக்கிக்கொள்வது குறித்தும், தொடங்கிய காரியங்களை முடிக்க முடியாமல் தவிப்பது குறித்தும் எழுதுமாறு சென்ற மாதம் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்து சேர்ந்தவற்றுள் குமரி மாவட்டத்துக் கடிதங்கள் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவருக்கும் உதவும் வகையில் அவை அமைந்திருக்கின்றன. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டு, ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். இப்போது என் மேசையில் 36 ரவிக்கைகள் இருக்கின்றன. வீட்டு வேலை போக ஒரு நாளைக்கு 3 முடிக்க முடிகிறது. வருகிறவர்களிடம் நான்கு நாளில் தருவதாகச் சொல்லிவிட்டுப் பிறகு ஏச்சு வாங்குகிறேன். இதற்கிடையே காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் போனேன். அழகுக்கலைப் படிப்பில் சேர்ந்து பாதியில் நின்றேன். மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம் போட்டேன். மகளுக்காகப் பூவேலை செய்யத் தொடங்கிய பாவாடை இரண்டு ஓணம் கழிந்தும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. ‘எதையும் முழுசாகச் செய்யமாட்டாள்’ என்று வீட்டில் பெயர் வாங்கிவிட்டேன். எனக்கு மனவுறுதி போதவில்லையா? — வாசகி, தக்கலை

பதில்: சகோதரி, மனவுறுதியைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் நீங்கள் எழுதியிருக்கும் எண்களைப் பார்ப்போம். வரிசைகளைப் பற்றி ஆராய்ந்த ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961-இல் கணித முறைப்படி நிறுவிய ஒரு விதி உண்டு. வேலைகள் வந்து சேரும் வேகமும் முடிந்து போகும் வேகமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் இடத்தில், நிலுவையில் உள்ள வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை வந்து சேர்ந்த நாளிலிருந்து முடிந்து வெளியேற ஆகும் சராசரிக் காலம் கிடைக்கும் என்பதே அந்த விதி. உங்கள் 36 ரவிக்கைகளை 3-ஆல் வகுத்தால் 12 நாள். அப்படியானால் நான்கு நாளில் தருகிறேன் என்ற வாக்கு, நீங்கள் துணியை வாங்கி அளவு எழுதும்போதே பொய்த்துவிடுகிறது. அதன் பிறகு இரவெல்லாம் கண்விழித்துத் தைத்தாலும் ஒருவருக்கு மட்டும் சொன்ன நாளில் கொடுத்துவிட்டு, மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளுவதைத்தான் செய்ய முடியும்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கையில் 12 ரவிக்கைகள் மட்டும் இருந்தால், அதே நாளைக்கு 3 என்ற வேகத்திலேயே, ஒவ்வொன்றும் நான்கு நாளில் முடிந்துவிடும். உங்கள் உழைப்பும் கூடவில்லை, வருமானமும் குறையவில்லை. மற்ற 24 ரவிக்கைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இப்போது உள்ளவற்றை முடிக்கும் வரை புதிதாக எதையும் மேசைக்கு ஏற்றாதீர்கள். வருகிறவர்களின் பெயரை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதி, ‘உங்கள் முறை இந்தத் தேதியில் வருகிறது, அன்று துணியைக் கொண்டுவாருங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். அதுவரை துணி அவர்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். தாமதமாக வரும் தேதியைக் கேட்டுச் சிலர் வேறு தையற்காரரிடம் போவார்கள் என்பது உண்மைதான். ஆனால் சொன்ன தேதியில் தைத்துக் கொடுப்பவரைத் தேடி அவர்களில் பலர் திரும்பி வருவார்கள் என்றே நான் நம்புகிறேன். கிறிஸ்துமஸ், ஓணம், தீபாவளி நெருங்கும் வாரங்களில் இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பது கடினம். அந்த வாரங்களில்தான் அது மிகவும் தேவை.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன். அந்த 36-இல் எத்தனை ரவிக்கைகள் வெட்டி, இணைத்து, கை ஏற்றி, பட்டி வைத்து, எல்லாம் முடிந்தும் கொக்கிக்காக மட்டும் காத்திருக்கின்றன என்று எடுத்துப் பாருங்கள். வீட்டில் தைக்கும் பெண்கள் பலரிடம் நான் பார்த்திருப்பது இதைத்தான்: இயந்திரத்தில் உட்கார்ந்தால் வேலை ஓடுகிறது, ஓசை கேட்கிறது, செய்கிறோம் என்ற நிறைவு வருகிறது, காஜா எடுப்பதும் கொக்கி வைப்பதும் ஓரத்துக்குக் கைத்தையல் போடுவதும் மெல்ல நகரும் வேலைகளாதலால் ‘சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுங்கிவிடுகின்றன. முக்கால்வாசிக்கு மேல் முடிந்த ரவிக்கைகள் இப்படி நெகிழிப் பைகளில் குவிகின்றன. அவற்றுக்காக ஒருவரும் ஒரு ரூபாய் தரமாட்டார்கள். ஆகவே நாளின் முதல் மணி நேரத்தைக் கைத்தையலுக்கு ஒதுக்குங்கள். முடிவுக்கு மிக அருகில் இருப்பதை முதலில் எடுங்கள். புதிய துணியை வெட்டுவது அன்றைய கடைசி வேலையாக இருக்கட்டும்.

இப்போது மற்ற காரியங்கள். முடியாத வேலைகள் மனத்தை ஏன் அரிக்கின்றன என்பது நூறாண்டாக ஆராயப்பட்டு வருகிறது. பெர்லினில் ஆய்வு செய்த புளூமா செய்கார்னிக், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளே முடிந்தவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று 1927-இல் எழுதினார். நினைவைப் பற்றிய அந்த முடிவு பிந்தைய ஆய்வுகள் பலவற்றில் உறுதிப்படவில்லை. ஆனால் அவருடன் பணியாற்றிய மரியா ஒவ்சியான்கினா கண்டது, அதாவது இடையில் நிறுத்தப்பட்டவர்கள் யாரும் சொல்லாமலேயே அந்த வேலைக்குத் திரும்ப முனைகிறார்கள் என்பது, இன்றுவரை வலுவாக நிற்கிறது. அமெரிக்க உளவியலாளர்களான மாசிகாம்போ, பௌமைஸ்டர் ஆகிய இருவரும் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில் இதற்கு ஒரு நல்ல மாற்றும் தெரிந்தது. முடியாத ஒரு காரியம் வேறு வேலையின் நடுவே வந்து இடையூறு செய்வதை, அக்காரியத்தை எங்கே, எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக வகுத்துக்கொள்வதே பெருமளவு நீக்கிவிடுகிறது. அதை அப்போதே செய்து முடிக்க வேண்டியதில்லை.

இதை உங்கள் பட்டியலுக்குப் பொருத்துங்கள். அழகுக்கலைப் படிப்புக்கு இன்னும் எத்தனை வகுப்பும் எவ்வளவு கட்டணமும் பாக்கி என்று இந்த வாரமே கேட்டு, எந்த மாதம் மீண்டும் சேர்வது என்று தேதி எழுதுங்கள், எழுத மனம் வரவில்லை என்றால், அது இனி உங்களுக்கு வேண்டாத படிப்பு என்று பொருள், அதையும் எழுதிவிடுங்கள். காளான் வளர்ப்பில் நீங்கள் போனது பயிற்சிக்கு, அந்தப் பயிற்சி முடிந்துவிட்டது. வளர்த்தே ஆக வேண்டும் என்ற கடமை அதனால் வந்துவிடாது. பாவாடையைப் பொறுத்தவரை, இரண்டு ஆண்டில் மகள் வளர்ந்திருப்பாள், அந்த அளவு இனிப் பொருந்தாது. பூவேலை முடிந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அவளுடைய இப்போதைய அளவில் தைக்கும் ஒரு பாவாடையின் கரையாக வைத்துத் தையுங்கள். ஒரே பிற்பகலில் முடிந்துவிடக்கூடிய வேலை அது.

மனவுறுதியைப் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, துவைத்து, அதற்கு நடுவில் நாள்தோறும் மூன்று ரவிக்கைகளை முழுதாக முடிக்கிறவரை எதையும் முடிக்காதவர் என்று சொல்வது நியாயமே இல்லை. அந்தப் பெயரை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வளைகுடாவில் நெடுங்காலம் வேலை பார்த்துத் திரும்பியிருக்கிறேன். அங்கே இருந்தபோது வீட்டுக்கு மேல்மாடி எழுப்பத் தொடங்கினேன். தூண்களும் பாதிச் சுவரும் எழும்பிய நிலையில் வேலை நின்றுவிட்டது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். கீழ்வீடே எங்களுக்குப் போதும். ஆனாலும் போட்ட பணம் வீணாகிறதே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. கடன் வாங்கியாவது முடித்துவிடலாமா? — வாசகர், குளச்சல்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் நடுவிலேயே பதில் இருக்கிறது, கீழ்வீடே போதும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செலவழித்துவிட்ட பணம் மேலும் செலவழிக்கச் சொல்லி நம்மைத் தள்ளும் என்பதை ஆர்க்ஸ், புளூமர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1985-இல் ஒரு நாடக அரங்கில் சோதித்துக் காட்டினார்கள். பருவம் முழுவதற்குமான சீட்டை வாங்க வந்தவர்களில் சிலருக்கு முன்னறிவிப்பின்றி விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்களே பருவத்தின் முதற்பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான். கொடுத்த பணம்தான் வேறு. உங்கள் மேல்மாடியிலும் இதுவே நடக்கிறது. இதுவரை போட்டது எவ்வளவு என்ற கணக்கை மூடி வைத்துவிட்டு, இனிமேல் ஆகப்போகும் செலவுக்கும் வட்டிக்கும் இனிமேல் கிடைக்கப்போகும் பயன் ஈடாகுமா என்று மட்டும் கேளுங்கள். வாடகைக்கு விடலாம் என்றால், உங்கள் தெருவில் என்ன வாடகை கிடைக்கிறது, அது கடன் தவணைக்குக் காணுமா என்று விசாரியுங்கள். காணாது என்றால் கடன் வாங்க வேண்டாம்.

ஆனால் வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கும், அப்படியே போட்டுவைப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. குளச்சலில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. தூணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடித்துப் பருக்கும்போது சுற்றியுள்ள காங்கிரீட் வெடிக்கும்; பாதிச் சுவரின் தலைப்பில் இறங்கும் நீர் கீழ்வீட்டின் கூரைக்கு வந்துசேரும். ஆகவே ஒரு பொறியாளரை அழைத்து வந்து காட்டுங்கள். கம்பியின் துருவைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் பால் பூசுவதா, காங்கிரீட்டுக்குள்ளேயே மூடிவிடுவதா, சுவரைத் தளமட்டம் வரை இடித்துவிடுவதா என்று அவர் சொல்லட்டும். தளத்தில் நீர் தேங்காமல் ஓட்டம் சரிசெய்து, சுற்றிலும் கைப்பிடிச் சுவர் கட்டி, மீதக் கம்பியையும் பலகையையும் விற்று, கொத்தனாரின் பாக்கியைத் தீர்த்து, அந்தக் கணக்கை மூடிவிடுங்கள். ஒரு வேலையைத் திட்டமிட்டு நிறுத்துவதும் ஒரு வேலைதான். அதற்கும் பணமும் சில நாட்களும் ஒதுக்க வேண்டும்.

ஊரார் ‘மேலே எப்போது முடியும்’ என்று கேட்பார்கள் என்பதையும் எழுதியிருந்தீர்கள். ‘மாடி இவ்வளவுதான், வேலை முடிந்துவிட்டது’ என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் கேள்வி நின்றுவிடும். பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லும் வரைதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். எங்கள் ஊரின் வரலாற்றை எழுத வேண்டும் என்று தகவல் திரட்டத் தொடங்கினேன். பழைய பத்திரங்கள், கோயில் கணக்குகள், முதியவர்களிடம் கேட்டெழுதிய குறிப்புகள் எல்லாம் இரண்டு டிரங்குப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன. வீட்டில் நேர்ந்த ஒரு துயரத்தால் எட்டு ஆண்டுகள் அதைத் தொடவே இல்லை. இத்தனை காலம் கிடப்பில் போட்ட ஒன்றை மீண்டும் எடுப்பதில் பொருள் இருக்கிறதா? — வாசகர், இரணியல்

பதில்: ஐயா, உங்கள் மாவட்டத்தின் முனையில் கடலுக்குள் நிற்கும் திருவள்ளுவர் சிலைக்கு 1979-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பணி தொடங்கியது 1990-இல். திறக்கப்பட்டது 2000 ஜனவரி 1 அன்று. அடிக்கல்லுக்கும் முதல் உளிக்கும் இடையே பத்தாண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. இன்று அங்கே படகில் போய் இறங்குகிறவர்கள் யாரும் அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்பதில்லை. எட்டு ஆண்டு கிடப்பில் இருந்தது உங்கள் நூலின் தகுதியைக் குறைத்துவிடாது. அதற்காக நீங்கள் யாரிடமும் வெட்கப்படவும் வேண்டாம்.

அந்தப் பணியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று இருக்கிறது. கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில் 38 அடிப் பீடமும் 95 அடிச் சிலையுமாக மொத்தம் 133 அடி என்ற அளவு முன்கூட்டியே உறுதியாகியிருந்தது. கற்கள் கரையிலுள்ள பணிக்கூடங்களில் தனித்தனியே செதுக்கப்பட்டுப் பாறைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடுக்கப்பட்டன. எவ்வளவு முடிந்திருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்பதை எந்த நாளிலும் சொல்ல முடிகிற வேலை அது. உங்கள் டிரங்குப் பெட்டிகளுக்கு அப்படி ஓர் அளவு இல்லை. எத்தனை பத்திரம் சேர்ந்தால் போதும் என்று நீங்கள் வகுக்காதவரை, இன்னொரு முதியவரைப் பார்க்க வேண்டும், இன்னொரு ஓலையைப் படிக்க வேண்டும் என்று திரட்டும் வேலை முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும். திரட்டுவது இன்பமான வேலை. தவறாகிவிடுமோ என்ற அச்சம் அதில் இல்லை. எழுத உட்காரும்போதுதான் அந்த அச்சம் வருகிறது. ஊர் வரலாறு எழுத முனைந்தவர்களில் பலருடைய குறிப்புகள் அவர்கள் காலத்துக்குப் பிறகு பழைய தாள் கடைக்குப் போயிருப்பதை நினைக்கையில், உங்கள் பெட்டிகளுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று உண்மையிலேயே கவலைப்படுகிறேன்.

ஆகவே எல்லையை மிகவும் சுருக்குங்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த வரலாற்றையும், அதற்கு முந்தைய திருவிதாங்கூர் ஆட்சியையும் உங்கள் நூலில் முழுமையாகச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அவற்றை எழுத வேறு பலர் இருக்கிறார்கள். உங்கள் ஊர்க் குளத்தை யார் வெட்டினார்கள், மடையை யார் திறந்தார்கள், வயல்கள் எப்போது வாழைத் தோட்டங்களாகவும் வீட்டு மனைகளாகவும் மாறின என்பதை உங்களைத் தவிர எழுத ஆளில்லை. அதை மட்டும் 40 பக்கத்தில் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். இயல்களின் தலைப்புகளை ஒரு தாளில் எழுதி, பெட்டியில் உள்ள குறிப்புகளை அத்தலைப்புகளின்படி உறைகளில் பிரியுங்கள்; எந்த உறையிலும் சேராதவற்றைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். எழுதும்போது ஒரு பெயரோ ஆண்டோ தெரியவில்லை என்றால் அந்த இடத்தைக் கோடிட்டு விட்டு மேலே செல்லுங்கள். அதைத் தேடுவதற்காக எழுந்து போனால் அன்றைய எழுத்து அதோடு நின்றுவிடும்.

காலக் கணக்கைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கனடாவில் 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தவறாகப் போனால்கூட 49 நாள் போதும் என்றார்கள். உண்மையில் எடுத்துக்கொண்டது 55 நாளுக்கும் மேல். தன் வேலையைத் தானே மதிப்பிடும் எவருக்கும் இது நேர்கிறது. அதனால் இந்த ஓணத்துக்குள் என்று உங்களுக்குத் தோன்றினால் அடுத்த ஓணத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் இயலை மட்டும் இந்த மாதமே எழுதி, ஊரில் விவரம் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் சொல்லும் திருத்தங்கள் உங்களை அடுத்த இயலுக்குக் கொண்டுபோகும். நூல் அச்சானதும் மாவட்ட நூலகத்துக்கும் ஊர்ப் பள்ளிக்கும் ஒவ்வொரு படி கொடுத்துவிடுங்கள். எனக்கும் ஒன்று அனுப்பினால் மகிழ்வேன்.

கேள்வி: வீட்டில் தேவையற்ற பொருட்களை ஒழித்தால் வாழ்க்கை எளிமையாகும் என்று படித்துவிட்டு அந்த வேலையில் இறங்கினேன். அம்மாவின் உருளியையும் வெண்கலப் பானைகளையும் தொட்டதும் வீட்டில் பெரும் சண்டையாகிவிட்டது. என்ன செய்ய? — வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மாவின் பாத்திரங்களைத் தொடாதீர்கள், அவை அவருடையவை, அவற்றைப் பற்றிய முடிவும் அவருடையது. எளிமை என்பதைப் பிறருடைய பொருளிலிருந்து தொடங்குகிறவர்கள் பலர். அது வீட்டில் மனக்கசப்பைத்தான் வளர்க்கிறது. உங்கள் அலமாரியைத் திறந்து, ஏதேனும் ஒரு காரியத்துக்காக வாங்கி அந்தக் காரியம் நடக்காமல் கிடக்கும் பொருட்களை மட்டும் எடுங்கள். பிரிக்காத வண்ணப் பெட்டி, தேர்வு எழுதாமலே விட்ட பாடநூல்கள், கேக் செய்யும் அச்சுகள், இரண்டு பாடத்தோடு நின்ற வயலின் என்று இருக்கும். இடத்தை அடைப்பதோடு, பார்க்கும்போதெல்லாம் ‘இன்னும் செய்யவில்லையே’ என்ற குறையையும் அவை எழுப்புகின்றன. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இந்தக் காரியத்தை இந்த ஆண்டு செய்வேனா என்று கேளுங்கள். செய்யமாட்டீர்கள் என்றால் அதைச் செய்யக்கூடிய ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். குமரியின் ஈரக் காற்றில் பூட்டிவைத்த நூலும் வயலினும் பூஞ்சை பிடிக்கத்தான் போகின்றன. நல்ல நிலையில் இருக்கும்போதே அடுத்தவர் கைக்குப் போகட்டும்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் விளை இருக்கிறது. என் கணவர் காலையில் பால் வெட்டிவிட்டு வந்ததும் புதிதாக ஏதாவது தொடங்குவார். ஆடு வாங்கினார், நல்லமிளகுக் கொடி நட்டார், தேன் பெட்டிகள் வைத்தார், இப்போது மீன் குட்டை வெட்ட வேண்டும் என்கிறார். சில மாதங்களில் ஆர்வம் போய்விடும். ஆட்டுக்குத் தீனியும் கொடிக்குத் தண்ணீரும் தேன் பெட்டிக்குப் பராமரிப்பும் என் தலையில் விழுகின்றன. நல்ல மனிதர், உழைப்பாளி, சொன்னால் வருத்தப்படுகிறார். எப்படிச் சொல்வது? — வாசகி, குலசேகரம்

பதில்: சகோதரி, இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் பாதித்தது உங்களுடையதுதான். தொடங்குகிறவருக்குப் பாராட்டு கிடைக்கிறது. தொடர்ந்து செய்கிறவருக்கு வேலை மட்டும் கிடைக்கிறது. நம் வீடுகளில் இந்தத் தொடர்ந்து செய்யும் வேலை பெரும்பாலும் பெண்களிடமே வந்து சேர்கிறது. அதை யாரும் ஒரு காரியமாகக் கணக்கில் எடுப்பதும் இல்லை.

உங்கள் கணவரிடம் பேசும்போது அவருடைய ஆர்வத்தைக் குறை சொல்லாமல், இரண்டு வகை வேலைகளைப் பிரித்துக் காட்டுங்கள். மீன் குட்டை வெட்டுவது ஒரு நாள் முடிந்துவிடும் வேலை. மீன் வளர்ப்பது முடியவே முடியாத வேலை; தீனி, தண்ணீர், நோய் என்று வளர்க்கும் வரை அது தினமும் நேரம் கேட்கும். ஆடும் அப்படித்தான், தேனீயும் அப்படித்தான். தொடங்கும்போது அவர் மனத்தில் இருப்பது முதல் வகை. உங்கள் தலையில் விழுவது இரண்டாம் வகை. இப்படிப் பிரித்துச் சொன்னால் அவருக்கு அது குற்றச்சாட்டாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். அவர் ஏற்கெனவே அறிந்த உண்மையும்கூட இது. ரப்பர் கன்றை நட்டால் பால் வெட்ட ஏறத்தாழ ஏழு ஆண்டு ஆகும், அதன் பிறகும் ஒன்றுவிட்ட ஒரு நாள் என்று முறைப்படி வெட்டினால்தான் மரம் தாங்கும். இதைப் பொறுமையாகச் செய்துகொண்டிருக்கிறவர் அவர். நிலைத்து நிற்கத் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது.

பிறகு இருவரும் உட்கார்ந்து, தினமும் செய்தே ஆக வேண்டிய வேலைகள் ஒவ்வொன்றுக்கும் யார், எத்தனை மணி நேரம் செலவிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பல வீடுகளில் இந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் கணவருக்கு நிலைமை தெரியவருகிறது. அதன் அடியில் ஒரே ஒரு விதியை எழுதிக்கொள்ளுங்கள்: தினமும் பராமரிப்புக் கேட்கும் ஒன்று புதிதாக வர வேண்டுமானால், இருப்பதில் ஒன்று வெளியேற வேண்டும், வருவதன் பராமரிப்பைக் கொண்டுவருகிறவரே ஓர் ஆண்டு காலம் செய்ய வேண்டும். மீன் குட்டை வேண்டும் என்றால் ஆடுகளை விற்கட்டும். ஆடுகளை விற்க மனம் இல்லை என்றால் குட்டை காத்திருக்கட்டும்.

நல்லமிளகுக் கொடியை விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. கொடி வேர்பிடித்துவிட்ட பிறகு அதற்குத் தேவைப்படும் கவனிப்பு ஆட்டையும் தேனீயையும்விடக் குறைவு. இரண்டு மழையும் பெய்யும் உங்கள் பகுதி அதற்கு ஏற்றது.

தேன் பெட்டிகளைப் பற்றி மட்டும் விரைந்து முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே இருப்பவை உயிர்கள். கவனிக்காமல் விட்டால் மழைக்காலத்தில் தேனீக்களுக்கு உணவு கிடைக்காது. சர்க்கரைக் கரைசல் வைக்காவிட்டால் கூட்டம் மெலியும், மெலிந்த கூட்டத்தின் அடைகளில் மெழுகுப் புழு ஏறும், எறும்பும் புகும், கடைசியில் தேனீக்கள் பெட்டியை விட்டே பறந்துவிடும். உங்கள் பகுதியில் முக்கியமான தேன் வரத்து, ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் மாசி, பங்குனி மாதங்களை ஒட்டி வருகிறது. கூட்டம் பெருகி வலுவாக இருந்தால்தான் அப்போது தேன் எடுக்க முடியும். எனவே உங்கள் கணவர் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மார்த்தாண்டத்தில் 1937-இல் தொடங்கப்பட்ட தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, சுற்றிலும் பெட்டி வைத்திருப்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் விசாரித்துக் கைமாற்றிவிடுங்கள். ஐப்பசிக்குள் கொடுத்தால் வாங்குகிறவருக்குக் கூட்டத்தைத் தேற்றவும், பிரித்துப் பெருக்கவும் தை வரை நேரம் இருக்கும். நல்ல விலையும் கிடைக்கும். பெட்டியை இடம் மாற்றுவதாக இருந்தால், தேனீக்கள் எல்லாம் திரும்பி வந்து அடைந்த பிறகு, இருட்டியதும் வாயிலை வலையால் அடைத்து எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.